கூடு தொங்கிய மரம் எது?

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரில் உள்ளங்கையை விடப் பெரிய அந்துப்பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. செம்பழுப்பு நிறம், இறக்கை நுனி பாம்புத் தலை போல. மறுநாளும் நகரவில்லை. அபூர்வமான அட்லஸ் என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது? எங்கே பதிவது?

பதில்: படத்தைப் பார்த்தேன். நான்கு இறக்கைகளிலும் கண்ணாடி போல முக்கோணச் சன்னல் இருக்கிறதே, அதனால் அட்லஸ் வகையறாதான். ஆனால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது 'அட்டாகஸ் டப்ரோபானிஸ்' என்ற தனி இனம். நெடுங்காலம் அதையும் 'அட்டாகஸ் அட்லஸ்' கணக்கிலேயே சேர்த்து வைத்திருந்தார்கள். செல்போன் செயலி முதலில் காட்டும் பெயரை அப்படியே எழுதிவிடாதீர்கள்.

அபூர்வமா? வளர்ந்த பூச்சியால் எதையும் தின்ன முடியாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஒன்றிரண்டு வாரம் ஓட்டும், அதுவும் இரவில்தான் பறக்கும். நம் கண்ணில் படாததற்கு அதுவே பாதிக் காரணம்.

உணர்கொம்பு ஒல்லியாக இருப்பதால் இது பெண். ஆணுக்கு அகன்ற இறகு மாதிரி இருக்கும். கூட்டை விட்டு வந்த பெண் அதிக தூரம் போகாமல், வாசனையால் ஆணை அழைத்தபடி உட்கார்ந்திருக்கும். ஆகவே சுற்றியுள்ள மரங்களைக் கொஞ்சம் துழாவுங்கள். புழு தன் கூட்டை இலையோடு சேர்த்துச் சுற்றி, காம்பையும் கிளையோடு பட்டு நூலால் கட்டிவிடும். மற்ற இலைகள் உதிர்ந்தாலும் அந்தக் காய்ந்த இலை மட்டும் உதிராமல் தொங்கும்.

கிடைத்தால் மரத்தின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள்; ஆனால் 'கூடு இருந்த மரம்' என்று மட்டும். தின்றது பக்கத்து மரத்தையாக இருக்கலாம். புழு இலையைக் கடிப்பதைப் பார்த்த பிறகுதான் 'உணவு மரம்' என்று எழுதலாம். வெளிர்பச்சை உடம்பில் வெள்ளை மாவு பூசிய தடித்த புழு அது. கடிக்கும் வாயும் இலையும் ஒரே படத்தில் விழுந்தால் என்னைப் போன்றவர்களுக்குத் திருவிழாதான்.

அப்புறம், அளவுகோல் வைத்து ஒரு படம், உணர்கொம்பை நெருக்கமாக ஒரு படம் எடுங்கள். தேதி, இடத்தோடு ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் ஆகிய உயிரினப் பதிவு இணையதளங்களில் ஒன்றில் ஏற்றலாம். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படம் வேண்டாம், அதில் தேதியும் இடமும் அழிந்துபோயிருக்கும். கேமராவில் எடுத்த மூலப்படத்தையே ஏற்றுங்கள்.