போலீஸ் குதிரை மெதுவாகத்தானே நடக்கிறது, அதன் ரத்தத்தில் என்ன மாறிவிடும்?

மெரினாவில் ரோந்து வரும் போலீஸ் குதிரைகளைப் பார்த்துவிட்டு ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: "ரேஸ் குதிரை மாதிரி இவை ஓடுவதில்லை. நடக்கின்றன, நிற்கின்றன, அவ்வளவுதான். இதற்குப் போய் ரத்தப் பரிசோதனை எதற்கு?"

நான் கால்நடை மருத்துவர். ஒரு நகரத்துக் குதிரைப்படை லாயத்துக்கு ஆறு வருடம் வைத்தியம் பார்த்தவள். இந்தக் கேள்வியை அதிகாரிகளும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ரத்தத்தில் நிறையவே மாறும். ஆனால் ரேஸ் குதிரைக்கு மாறுவது ஒன்று, போலீஸ் குதிரைக்கு மாறுவது இன்னொன்று. ரேஸ் குதிரையின் கணக்கை வைத்து இவற்றின் ரிப்போர்ட்டைப் படித்தால், எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும்.

முதலில் லாக்டேட்டை எடுத்துக்கொள்வோம். கடுமையாக ஓடும்போது, ஆக்சிஜன் போதாத தசை உண்டாக்கி ரத்தத்தில் விடும் பொருள் அது. ஓய்வில் நிற்கும் குதிரையின் ரத்தத்தில் அது லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவில் அல்லது அதற்கும் கீழே இருக்கும். பந்தயம் முடிந்த கையோடு எடுத்தால் 20, 30 என்று போகும். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 200-ஐ நெருங்கும்போதுதான் லாக்டேட் 4-ஐத் தாண்டி மளமளவென்று ஏறத் தொடங்கும். ரோந்தில் நடக்கும் குதிரையின் துடிப்பு 60, 80 இருக்கும். டிராட், அதாவது மிதமான ஓட்டம், போனாலும் பெரும்பாலும் 150-ஐத் தொடாது. அந்த வேகத்தில் தசைகளுக்கு வேண்டிய ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது, எரிபொருளில் பெரும்பங்கு கொழுப்பு. அதனால் மூன்று மணி நேர ரோந்துக்குப் பிறகு ரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் கூடியிருக்கும், லாக்டேட் அசைந்தே இருக்காது. கூட்டத்தைக் கலைக்க இரண்டு நிமிடம் பாய்ந்து ஓட வேண்டி வந்தால் அது ஏறும். பிறகு சும்மா நிறுத்தாமல் நடத்திக்கொண்டே இருந்தால் சீக்கிரம் இறங்கிவிடும். போலீஸ் குதிரையைப் பொறுத்தவரை லாக்டேட்டுக்கு இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

என்னை அதிகம் குழப்பியது மண்ணீரல்தான்.

குதிரையின் மண்ணீரல் ஒரு கிடங்கு மாதிரி. உடம்பில் உள்ள சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ அதில் சேமிப்பாக இருக்கும். குதிரை ஓடத் தொடங்கினாலோ பயந்தாலோ அட்ரினலின் சுரந்து மண்ணீரல் சுருங்கும், அவ்வளவு அணுக்களும் ரத்தத்தில் வந்து இறங்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்லும் பி.சி.வி. ஓய்வில் 35, 40 என்று இருப்பது, முழு வேகத்தில் ஓடும்போது 60-ஐத் தாண்டும். மனித உடம்பில் இந்த அளவுக்கு நடப்பதில்லை. குதிரை அவ்வளவு நன்றாக ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதில் போலீஸ் குதிரைக்கு என்ன? அது ஓட வேண்டியதே இல்லை, பயந்தால் போதும். ஒரு காலையில் ஒரு குதிரைக்கு பி.சி.வி. 37 வந்தது. நான்கு நாள் கழித்து அதே குதிரைக்கு 49. உடம்பில் நீர் வற்றிவிட்டது, உடனே சலைன் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அப்புறம் அதே ரிப்போர்ட்டில் மொத்தப் புரதத்தைப் பார்த்தேன். அது முந்தைய அளவிலேயே இருந்தது. நீர் வற்றியிருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறியிருக்க வேண்டும். புரதம் ஏறாமல் அணுக்கள் மட்டும் ஏறினால் அது மண்ணீரலின் வேலை. லாயத்தில் விசாரித்தேன். நான் ரத்தம் எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு ஊர்வலத்தில் சரவெடி வெடித்திருக்கிறார்கள். குதிரை கட்டிய இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. ரத்தம் மட்டும் ஓடிவிட்டு வந்த குதிரையின் ரத்தமாக மாறியிருந்தது.

அன்றிலிருந்து இந்த இரண்டு எண்களையும் சேர்க்காமல் நான் எதையும் முடிவு செய்ததில்லை. போலீஸ் குதிரையின் உழைப்பு காலில் மட்டும் இல்லை என்பதையும் அன்றுதான் சரியாக உணர்ந்தேன். கொடி அசைகிறது, மேளம் அடிக்கிறார்கள், யாரோ பலூனை உடைக்கிறார்கள். அது ஓடக்கூடாது, நிற்க வேண்டும். ஓடிப் பிழைக்கவே உருவான பிராணியை நிற்கச் சொல்கிறோம். மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஏறும், வெள்ளையணுக்களில் நியூட்ரோபில்கள் கூடி லிம்போசைட்டுகள் குறையும். மேலோட்டமாகப் பார்த்தால் தொற்றுநோய் வந்த மாதிரியே இருக்கும். காய்ச்சல் இல்லை, தீனியும் ஒழுங்காக எடுக்கிறது என்றால், ஊசி போடுவதற்கு முன்னால் அது நேற்று எங்கே டியூட்டிக்குப் போனது என்று கேட்பேன்.

அடுத்தது வியர்வை. நம் கடலோர நகரங்களில் போலீஸ் குதிரையை உண்மையில் வாட்டுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உடம்பு முழுக்க வியர்த்துக் கொட்டும் பிராணிகள் அதிகம் இல்லை. குதிரைக்கு அப்படி வியர்க்கும். கடுமையான வெயிலில் வேலை வாங்கினால் மணிக்கு 10 லிட்டருக்கு மேல்கூடப் போகும். நம் வியர்வை நம் ரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. குதிரையின் வியர்வை அப்படியல்ல, ரத்தத்துக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ உப்பு இருக்கும். லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோடியம், குளோரைடு, பொட்டாசியம் மூன்றும் அதில் போகின்றன.

இதனால் ஒரு விபரீதம் நடக்கிறது. நமக்கு வியர்த்தால் தண்ணீர் அதிகமாகவும் உப்பு குறைவாகவும் போகும், மிச்சமிருக்கும் ரத்தத்தில் உப்பு அடர்த்தி கூடும், மூளை அதைக் கண்டு தாகத்தைக் கிளப்பும். குதிரைக்குத் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போவதால் அடர்த்தி மாறுவதில்லை. தாகம் எடுக்க வேண்டிய நேரத்தில் எடுப்பதில்லை. பதினைந்து லிட்டர் இழந்துவிட்டு வந்த குதிரை வாளியில் மூக்கை நனைத்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொள்ளும். "அவனுக்குத் தாகம் இல்லம்மா" என்று லாயத்தில் சொல்வார்கள். அவர்கள் சொன்னது சரிதான், குதிரைக்குத் தாகம் இல்லை. தண்ணீர் தேவை மட்டும் இருந்தது. சோடியம் அளவை மட்டும் பார்த்து நார்மல் என்று எழுதிவிட்டால் இது கடைசி வரை பிடிபடாது. மொத்தப் புரதம், பி.சி.வி., சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுகளான யூரியா, கிரியேட்டினின் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் லாயத்தில் நாங்கள் செய்தது, திரும்பி வந்ததும் முதல் வாளியில் லேசாக உப்புக் கரைத்த தண்ணீர் வைப்பது. லிட்டருக்கு 9 கிராம் சமையல் உப்பு. அது ரத்தத்தின் உப்பை இறங்கவிடாமல் வைத்துத் தாகத்தைத் தக்கவைக்கும். இரண்டாவது வாளியில் வெறும் தண்ணீர். இரண்டையும் பக்கத்தில் வைத்தோம், பிடிக்காத குதிரையைக் கட்டாயப்படுத்தவில்லை. தீனியிலும் தினமும் உப்பு சேர்த்தோம். புல்லில் பொட்டாசியம் தாராளமாக இருக்கிறது, சோடியம் மிகக் குறைவு. கொள்ளும் ஓட்ஸும் அந்தக் குறையை ஈடுகட்டாது.

ரேஸ் குதிரையின் ரத்தம் அமிலத்தன்மை பக்கம் சாயும். நெடுநேரம் மெதுவாக வேலை செய்து வியர்த்த குதிரையின் ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். குளோரைடு போய்விட்டதால் சிறுநீரகம் அதற்குப் பதிலாகக் காரத்தன்மை கொண்ட பைகார்பனேட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்போது ரத்தத்தில் வேலைக்கு உதவும் நிலையிலுள்ள கால்சியம் குறைகிறது. மூச்சு விட உதவும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு இதயத்தை ஒட்டித்தான் போகிறது. உப்புகள் இப்படிக் குலைந்தால் அந்த நரம்பு இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் சிலிர்த்துக்கொள்ளும். குதிரைக்கு விக்கல் வந்த மாதிரி விலா விட்டு விட்டுத் துடிக்கும். நான் இதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டுமே சித்திரை மாத பந்தோபஸ்துக்குப் பிறகு.

வியர்த்து வந்த குதிரை மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சூடான தசை பிடித்துக்கொள்ளும் என்று பழைய ஆட்கள் தடுப்பார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்னால், அங்குள்ள புழுக்கத்தை நினைத்து இதை நன்றாகவே ஆராய்ந்தார்கள். உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை விடாமல் ஊற்றுவதுதான் சூட்டைத் தணிக்க நல்ல வழி, அதனால் தசைக்குக் கேடு இல்லை என்று தெளிவானது. தயங்காமல் ஊற்றலாம். வியர்வையே வராமல் போகும் குதிரைகளும் உண்டு. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்க் குதிரைகளை இந்தியா மாதிரியான வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவந்தபோது கண்ட கோளாறு அது. அப்படிப்பட்ட குதிரையைப் பகல் டியூட்டிக்கு அனுப்பவே கூடாது.

தசை என்சைம்களுக்கு வருகிறேன். சி.கே. எனப்படும் கிரியேட்டின் கைனேஸ், ஏ.எஸ்.டி. இரண்டும் தசை நார் சேதமானால் ரத்தத்தில் கசிபவை. சி.கே. சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், சேதம் நின்றுவிட்டால் ஓரிரு நாளில் இறங்கிவிடும். ஏ.எஸ்.டி. மெதுவாக ஏறி, ஒரு நாள் வாக்கில் உச்சம் தொட்டு, இறங்க இரண்டு மூன்று வாரம்கூட எடுக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காலம் தெரியும். சி.கே. மட்டும் ஏறியிருந்தால் இன்று நடந்தது. ஏ.எஸ்.டி. மட்டும் ஏறியிருந்தால் போன வாரம் நடந்து முடிந்தது. இரண்டும் ஏறிக்கொண்டே இருந்தால் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

சாதாரண ரோந்துக்குப் பிறகு இவை லேசாகத்தான் ஏறும். நான் பார்த்த மோசமான எண்கள் கடும் உழைப்புக்குப் பிறகு வந்தவை இல்லை, விடுமுறைக்குப் பிறகு வந்தவை. இரண்டு நாள் லீவில் லாயத்தில் கட்டிப்போட்டு, வேலை நாளின் அதே கொள்ளும் ஓட்ஸும் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பரேடு. பத்து நிமிட டிராட்டில் அந்தக் குதிரை வியர்த்துப் பின்னங்கால் விறைத்து நின்றுவிட்டது. லாயத்தில் பழைய ஆள் ஒருவர் எனக்கு போன் செய்தார். "அம்மா, மூத்திரம் காப்பித்தண்ணி மாதிரி போகுது." அவர் செய்த நல்ல காரியம், குதிரையை ஓர் அடிகூட நடத்தாமல் நின்ற இடத்திலேயே வைத்திருந்தது. சி.கே. பல்லாயிரங்களில் இருந்தது. உடைந்த தசையிலிருந்து வெளியான மயோகுளோபின் என்ற நிறமிப் புரதம்தான் அந்தக் காப்பி நிறம். அது சிறுநீரகத்தை அடைத்துவிடும், அதனால் இரவு முழுக்க சலைன். பிழைத்துக்கொண்டது. வண்டிக் குதிரைகளின் காலத்தில் ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்கள்கிழமை வருவதால் மேல்நாட்டில் இதற்குத் திங்கள் காலை நோய் என்றே பெயர். ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாகக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள், கொஞ்ச நேரமாவது நடத்துங்கள். இதற்குச் செலவே கிடையாது.

ரத்தம் எடுப்பவர்களுக்கு ஒன்று. ஒருமுறை எங்கள் மாதிரிகள் ஒரு பைக் பெட்டிக்குள் மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்துவிட்டன. ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எகிறி, குளுக்கோஸ் பாதாளத்துக்குப் போயிருந்தது. குதிரைகள் எல்லாம் நன்றாக இருந்தன. குழாய்க்குள் இருந்த சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்று பொட்டாசியத்தை வெளியே விட்டிருந்தன. ஐஸ் பெட்டி இல்லாமல் எடுக்காதீர்கள். குழாயின் மேல் தேதியோடு மணியையும், குதிரை வேலையை முடித்து எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதுங்கள். அதே குதிரையின் ஓய்வு நாள் ரத்தம் ஒன்று கையில் இருக்கட்டும். புத்தகத்து நார்மலைவிட அது பத்து மடங்கு உதவும். ரேஸில் ஓய்வு பெற்று வந்த தரோபிரெட் இனக் குதிரையும் நம் நாட்டு மார்வாரி இனக் குதிரையும் ஒரே லாயத்தில் நிற்கும்போது இரண்டுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

கேட்டவருக்கு: அடுத்த முறை கடற்கரையில் குதிரையைப் பார்த்தால் கழுத்திலும் தொடை இடுக்கிலும் வெள்ளையாக நுரை தெரியும். பயப்பட வேண்டாம். அதன் வியர்வையில் உள்ள ஒரு புரதம் சோப்பு மாதிரி நுரைக்கிறது, வியர்க்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆனால் குதிரை சும்மா நிற்கும்போதே விலா சீராக விட்டு விட்டுத் துடித்தால், மேலே உட்கார்ந்திருப்பவரிடம் தயங்காமல் போய்ச் சொல்லுங்கள். அவர் பார்த்துக்கொண்டிருப்பது குதிரையின் காதுகளையும் எதிரே இருக்கும் கூட்டத்தையும். விலா அவருடைய காலுக்குப் பின்னால் இருக்கிறது.