கொடைக்கானல் பாதரசம் பாம்பாற்றில் கலந்து கும்பக்கரைக்கு வருகிறதாமே, அருவியில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?

லீவுக்கு டிக்கெட் எல்லாம் போட்டுவிட்டுத்தான் கேட்கிறீர்கள் போல. நான் பெரியகுளத்துக்காரி. என் சொந்தக்காரர்களும் வருடா வருடம் இதைக் கேட்பார்கள். குளிக்கலாம். ஆற்றுத் தண்ணீரில் பாதரசம் இருந்தாலும் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும், குளிப்பதால் அது தோல் வழியாக ஏறுவது அதிலும் சொற்பம். உடனே "கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய்" என்று யாராவது ஆரம்பிக்க வேண்டாம், மீதியையும் படியுங்கள்.

இந்தப் பாதரசம் வந்தது கொடைக்கானலில் இருந்த ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து. அது இருந்தது பாம்பார் சோலை என்ற மலைக்காட்டுக்கு மேலே. 2001இல் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர்கள் டன் கணக்கில் கிடந்தது வெளியே தெரிந்து ஆலையை மூடினார்கள். சோலைத் தண்ணீர்தான் பாம்பாறாகக் கும்பக்கரைக்கு இறங்குகிறது. கவலைப்பட வேண்டியது அடிச்சேற்றைப் பற்றி. அங்குள்ள பாக்டீரியா பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக மாற்றும். அது சின்ன மீனில் சேர்ந்து, அதைத் தின்னும் பெரிய மீனில் இன்னும் கூடும். ஜப்பானின் மினமாட்டாவில் ஜனங்களை முடக்கியது இப்படிப் பாதரசம் ஏறிய மீன்தான். வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குத்தான் ஆபத்து அதிகம். கொடைக்கானல் ஏரி மீனில் கிலோவுக்கு 0.12 முதல் 0.29 மில்லிகிராம் வரை இருந்ததாக 2006இல் ஓர் ஆய்வு வந்தது. வழக்கமான வரம்பான 0.5க்குள்தான், ஆனால் சுத்தமான ஏரிக்கு அது அதிகம்.

நான் விஞ்ஞானி இல்லை, நர்ஸ். ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது வார்டில் பாதரசம் உள்ள பழைய பிபி மெஷின் விழுந்து உடைந்தது. பாதரசம் உருண்டை உருண்டையாகக் கட்டிலுக்கடியில் ஓடியது. ஆயாம்மா துடைப்பத்தோடு வந்து, "அள்ளி வாஷ்பேசினில் ஊத்திடவா சிஸ்டர்?" என்றார். விடவில்லை. ஃபேனை அணைத்து, ஜன்னலைத் திறந்து, நோயாளிகளை அடுத்த வார்டுக்கு மாற்றினேன். பழைய எக்ஸ்ரே ஃபிலிமால் தள்ளி, சிரிஞ்சில் உறிஞ்சி, தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் மூடி வைத்தோம். பெருக்கினால் சிதறி இன்னும் ஆவியாகும், அந்த ஆவிக்கு மணமும் கிடையாது. பேசினில் போனது சாக்கடை வழியாக ஆற்றுக்குத்தானே போகும்? நிர்வாகத்தில் எனக்குக் கிடைத்தது, "இதுக்குப் போய் வார்டை ஒரு மணி நேரம் பூட்டுவீங்களா?" என்ற திட்டு. அந்தப் பாட்டில் நான் வேலையை விடும் வரை ஸ்டோர் ரூம் அலமாரியில்தான் இருந்தது. வாங்கிக்கொள்ள ஆளில்லை.

இன்னொன்று. எல்லோரும் அருவியைத்தான் கேட்கிறார்கள், அந்த ஆலைக்குள் ஆவியைச் சுவாசித்தவர்களை ஒருவரும் கேட்பதில்லை. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்ததே 2016இல்தான். வேலையால் உடல்நலம் கெட்டது என்பதைக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை.

அப்புறம், மே மாதத்தில் அருவியில் பெரும்பாலும் தண்ணீரே இருக்காது. மழை பெய்து வெள்ளம் வந்தால் வனத்துறை உள்ளே விடாது. அதற்கும் என் மச்சினர் குடும்பம் என்னைத்தான் குறை சொல்லும், ஒரு கூடை மாம்பழத்தைக் காலி செய்துவிட்டு. விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.