ஓரிரு இடங்களில் மழை

கேள்வி: வானொலியில் "ஓரிரு இடங்களில் கனமழை" என்றார்கள். எங்கள் தெருவில் ஒரு சொட்டும் விழவில்லை. பிறகு எதற்கு முன்னறிவிப்பு? (வாசகர், தாராவி)

பதில்: அந்த "ஓரிரு இடங்களில்" என்பதைத்தான் நாம் காதில் வாங்குவதே இல்லை. வானிலைத் துறையில் அதற்குத் திட்டமான பொருள் உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கில் மட்டும் மழை பதிவாகும் என்பதே அது. "கனமழை"க்கும் கணக்கு இருக்கிறது: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை. உங்கள் தெரு மிச்சமுள்ள முக்கால் பங்கில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மும்பைக்காரர்களுக்கு இதை விளக்க 2005 ஜூலை 26 போதும். அன்று நான் தென்மும்பையில், கோட்டைப் பகுதி அலுவலகத்தில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வழக்கமான ஆடி மாத மழைதான். செம்பூரிலிருந்து மனைவி தொலைபேசியில், "தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது, குழந்தைகளை மாடிக்கு அனுப்பிவிட்டேன்" என்றபோது நான் நம்பவில்லை. ரயில்கள் நின்றன. நடந்தே வீடு சேர்ந்தபோது மறுநாள் விடிந்திருந்தது. பிறகு வெளியான அளவுகளைப் பார்த்தேன்: 24 மணி நேரத்தில் வடக்கே புறநகர் சாந்தாகுரூஸில் 944 மி.மீ., தென்கோடிக் கொலாபாவில் சுமார் 73 மி.மீ. இரண்டும் ஒரே நகரம். இடையில் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

944 மி.மீ. என்றால் எவ்வளவு தண்ணீர்? ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் கட்டடத்தின் மொட்டைமாடி 100 சதுர மீட்டர் என்று வையுங்கள்: 94,400 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் ஒன்பதைக் கவிழ்த்த பிறகும் மிச்சம் இருக்கும்.

கேள்வி: வானிலை, காலநிலை இரண்டும் ஒன்றுதானே? (வாசகி, முலுண்ட்)

பதில்: இல்லை. காலையில் வானத்தைப் பார்த்துக் குடையை எடுக்கிறீர்களே, அது வானிலை. மேகமே இல்லாத மே மாதத்தில் நீலத் தார்ப்பாய் வாங்கிக் கூரையில் கட்டுகிறோமே, அது காலநிலையை அறிந்து செய்வது. சென்னையில் இருக்கும் என் தங்கை அதே வேலையைப் புரட்டாசியில் செய்கிறாள். அங்கே பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் வரும். ஓர் ஊரின் காலநிலையைச் சொல்லப் பொதுவாக முப்பது ஆண்டு அளவுகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: 2025இல் மே 26ஆம் தேதியே மும்பைக்குப் பருவமழை வந்துவிட்டது. இது காலநிலை மாற்றம்தானே? (வாசகர், டோம்பிவிலி)

பதில்: வழக்கமான தேதி ஜூன் 11. பதினாறு நாள் முந்தியது பெரிய செய்திதான். ஆனால் ஒரே ஒரு தேதியை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல நான் துணிய மாட்டேன். பருவமழை ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாக வருவது அதன் இயல்பு. பூமி சூடாகிவருவது உண்மை, அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்கும். சுமப்பது கூடினால், கொட்டும்போதும் கூடுதலாகக் கொட்டும். அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கப் பல்லாண்டுப் பதிவேடுகள் வேண்டும். கொலாபாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அளந்து எழுதிவைத்தவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வானிலை கற்க ஆசைப்படுகிறாள். எங்கிருந்து தொடங்கலாம்? (வாசகி, மாட்டுங்கா)

பதில்: ஊறுகாய் ஜாடியிலிருந்து. வாயும் அடியும் ஒரே அகலமாக, அடி தட்டையாக இருக்கும் கண்ணாடி ஜாடியாகப் பாருங்கள். மொட்டைமாடியில், அருகிலுள்ள சுவரின் உயரத்தைப்போல இருமடங்கு தள்ளி வைக்கட்டும். தினமும் காலை 8.30க்கு அளவுகோலால் அளந்து, நோட்டில் எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டட்டும். வானிலை நிலையங்களும் அந்த நேரத்தில்தான் அளக்கின்றன. மறுநாள் நாளிதழில் வரும் சாந்தாகுரூஸ், கொலாபா அளவுகளோடு அவள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மழை பெய்யாத நாளில் "0" என்று எழுதச் சொல்லுங்கள். வெறுமையாக விட்டால், அன்று மழை இல்லையா, அல்லது அவள் மாடிக்குப் போகவில்லையா என்பது பின்னால் யாருக்கும் தெரியாது.