வாசகர் கேள்வி – கைவினை பதில்

கேள்வி: கொலுவுக்காகக் காகிதக்கூழில் மாம்பழம், பூசணி செய்தோம். காய்ந்ததும் வெடித்துவிட்டன, இரண்டில் பூஞ்சையும் பிடித்தது. ஏன்?

பதில்: கூழில் தண்ணீர் மிச்சம், கனமும் அதிகம். வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும். உள்ளே ஈரமாகவே இருப்பதால் மேல்தோல் பிளக்கிறது. முழுப் பழத்தையும் கூழாலேயே உருட்டாதீர்கள். செய்தித்தாளைக் கசக்கி உருண்டையாக்கி, நூலால் இறுகக் கட்டி, அதன்மேல் அரை சென்டிமீட்டர் கனத்துக்குக் கூழ் அப்பினால் போதும்.

காகிதத்தைக் கிழித்து ஓர் இரவு ஊறவைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அரையுங்கள் (சமையல் ஜார் வேண்டாம்!). துணியில் கட்டிச் சொட்டு நிற்கும்வரை பிழியுங்கள். பிழிந்த கூழ் 2 கப், சாக் பவுடர் 1 கப், வெள்ளைப் பசை (ஃபெவிகால் போன்றது) அரை கப். பிசைந்தால் சப்பாத்தி மாவு பதம் வரவேண்டும். ஒட்டினால் சாக் பவுடர் கொஞ்சம் சேர்க்கலாம். மைதாப் பசை மலிவுதான், ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சைக்கு அதுதான் விருந்து.

முதல் நாள் நிழலில், பிறகு வெயிலில் காயட்டும். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது; பெயின்ட் தொடாதீர்கள். வெடித்ததைத் தூக்கிப் போட வேண்டாம். பசை கூடுதலாகச் சேர்த்த கூழால் அடைத்து, காய்ந்ததும் 120-ஆம் எண் உப்புத்தாளால் தேயுங்கள். பூஞ்சை பிடித்ததை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பளபளப்பான பத்திரிகைத் தாள் ஆகுமா?

பதில்: ஆகாது. மேற்பூச்சு இருப்பதால் சரியாக ஊறாது. கூழ் திப்பித்திப்பியாக நிற்கும்.