நெறியாளரின் எச்-இன்டெக்ஸைப் பார்த்து முனைவர் பட்டத்துக்குச் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகள் கடல் உயிரியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறாள். இரண்டு பேராசிரியர்கள் அவளை முனைவர் பட்ட ஆய்வுக்கு ஏற்க முன்வந்துள்ளனர். கடற்பாசியிலிருந்து நானோ துகள் தயாரிப்பவருக்கு எச்-இன்டெக்ஸ் 38. நண்டு இனங்களை வகைப்படுத்துபவருக்கு 11. ஆய்வுக்கட்டுரைகளில் இந்தியா உலகில் மூன்றாம் இடம் என்று செய்தித்தாளில் படித்தேன். அப்படியானால் எண் கூடுதலாக உள்ளவரிடம் சேர்ப்பதுதானே சரி? மேலும், சேர்க்கைக்கு முன்பே ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இடம்பெறும் கட்டுரை ஒன்று இருந்தால் நல்லது என்றும், இருபதாயிரம் ரூபாய்க்கு முடித்துத் தருவதாகவும் புதுச்சேரியில் ஒரு கன்சல்டன்சிக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா? - வாசகர், கடலூர்

பதில்: பணம் கொடுக்காதீர்கள். முனைவர் பட்டச் சேர்க்கைக்கு முதுகலை மதிப்பெண், நெட் அல்லது நுழைவுத் தேர்வு, நேர்காணல் ஆகியவையே அடிப்படை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைக்கூடப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிகளில் நீக்கிவிட்டது.

கட்டுரை எண்ணிக்கையில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியா நிற்பது உண்மைதான். ஆனால் எண்ணிக்கை எவ்வளவு எழுதப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். எழுதியது பிறருக்குப் பயன்பட்டதா என்று அறியவே மேற்கோள்களை, அதாவது பிறர் தம் கட்டுரைகளில் அதைச் சான்றாகக் குறிப்பிடும் தடவைகளை, கணக்கிடுகிறார்கள். மருத்துவக் கட்டுரைக்குக் குவியும் மேற்கோள் கணிதக் கட்டுரைக்கு வராது என்பதால், ஒவ்வொரு கட்டுரையையும் அதே துறையில் அதே ஆண்டில் வந்தவற்றின் உலகச் சராசரியோடு ஒப்பிட்டு, அந்தச் சராசரியை 1 என்று வைத்துக்கொள்வார்கள். இலட்சக்கணக்கான கட்டுரைகள் சேரும்போது தற்செயலான ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், அந்த எண்ணிலிருந்து ஒரு நாட்டைப் பற்றி ஓரளவு தெரிந்துகொள்ளலாம். தனி ஆசிரியர் ஒருவரின் கட்டுரைகளில் அப்படி ஈடாவதில்லை.

எச்-இன்டெக்ஸ் என்பது ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த அளவு. 38 என்றால், குறைந்தது 38 மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் 38 உள்ளன என்று பொருள். வயது கூடினால் இது கூடும், குறைவதே இல்லை. கூட்டாகப் பலர் எழுதும் துறையில் விரைவாக ஏறும். தம்மைத் தாமே மேற்கோள் காட்டினாலும் ஏறும்.

வகைப்பாட்டியலுக்கு இந்த அளவுகோல் பெரிய அநீதி செய்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஓர் உயிரினத்தை முதலில் விவரித்தவரின் பெயரையும் ஆண்டையும் அதன் அறிவியல் பெயருக்குப் பின்னால் எழுதுவது அத்துறையின் மரபு. நம் கடற்கரைக் கழிமுகங்களில் பிடிபடும் களிநண்டுகளில் ஒன்றான ஸ்கில்லா டிராங்குபாரிகாவுக்குப் பின்னால் இன்றும் ‘ஃபாப்ரிசியஸ், 1798’ என்று எழுதுகிறார்கள். ஆனால் அவருடைய நூலைக் கட்டுரையின் இறுதியிலுள்ள நூற்பட்டியலில் சேர்ப்பவர்கள் மிகச் சிலரே. தரவுத்தளங்கள் எண்ணுவதோ அந்த நூற்பட்டியலை மட்டும்தான். ஆகவே பரங்கிப்பேட்டையிலோ பிச்சாவரத்திலோ ஒருவர் இனங்கண்டு பெயரிட்ட உயிரினத்தை அவருக்குப் பின் வருபவர்கள் காலமெல்லாம் பயன்படுத்தினாலும், அவர் கணக்கில் அது ஏறுவது அரிது. நண்டுப் பேராசிரியரின் 11 குறைவான எண் என்று முடிவு கட்ட உங்களிடம் ஆதாரம் இல்லை.

இருவரின் மாணவர்களிடமும் நேரில் பேசுங்கள். எத்தனை ஆண்டில் பட்டம் பெற்றார்கள், தம் கட்டுரைகளில் முதல் ஆசிரியராக அவர்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். பிழை அல்லது மோசடி காரணமாகத் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் இரு பேராசிரியர்களின் பெயரையும் தேடிப் பாருங்கள், கட்டணம் கிடையாது.

இனி அந்தக் கன்சல்டன்சி. இத்தகையவர்கள் விற்பது பெரும்பாலும் மூன்று பொருள்கள்: யாரோ எழுதிய கட்டுரையில் ஓர் ஆசிரியர் இடம், ஸ்கோபஸ் ஏற்கெனவே நீக்கிவிட்ட ஆய்விதழ், உண்மையான ஆய்விதழின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். என்ற அடையாள எண்ணையும் திருடி அமைத்த போலி இணையதளம். ‘யு.ஜி.சி. கேர் பட்டியலில் உள்ளது’ என்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் அந்தப் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. ‘இம்பாக்ட் ஃபேக்டர் 7’ என்பார்கள். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களைக் காட்டும் எண் அது. கிளாரிவேட் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இல்லாத இம்பாக்ட் ஃபேக்டர் எதுவும் செல்லாது. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பைத் திறக்காமல், ஸ்கோபஸின் இலவச ஆய்விதழ்ப் பட்டியலுக்கு நீங்களே சென்று, அந்த இதழ் எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களில் மட்டும் 2023இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவ்வாறு திரும்பப் பெற்ற கட்டுரையில் ஆசிரியரின் பெயர் நிரந்தரமாக நிற்கும். இடைத்தரகரின் பெயர் எங்கும் இராது.

இந்தச் சந்தையை வளர்த்ததில் நம் அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆய்வுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு செலவிடும் நாட்டில், 2016 முதல் வெளிவரும் உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையில் கட்டுரைக்கும் மேற்கோளுக்கும் மதிப்பெண் வைத்தார்கள். உடனே, ஆய்வுக்கூடமே இல்லாத கல்லூரிகள்கூடத் தம் ஆசிரியர்களைக் கட்டுரை எழுதச் சொல்லி நெருக்கத் தொடங்கின. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டும் என்பது 2025இல்தான் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டிலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது.

மகளின் எம்.எஸ்சி. ஆய்வறிக்கையை அந்தக் கன்சல்டன்சியிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், அது வேறொருவர் பெயரில் விற்கப்படவும் கூடும். எந்த இதழுக்கும் அதை அனுப்ப அவளுக்குச் சம்மதமில்லை என்று இன்றே அவருக்கு மின்னஞ்சல் எழுதி, எம்.எஸ்சி.யில் வழிகாட்டிய ஆசிரியருக்கும் அதன் நகலை அனுப்பச் சொல்லுங்கள்.