ரேடியாலஜி கேத்லாபில் பிஏ (மருத்துவர் உதவியாளர்) வேலை: முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

கேள்வி: பி.எஸ்சி. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் முடித்திருக்கிறேன். ஊர் தங்கச்சிமடம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி (எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்தபடி ஊசி, ட்யூப் வழியாகச் சிகிச்சை செய்யும்) பிரிவில் அடுத்த மாதம் சேருகிறேன். கைடு ஒயர் (குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி), கதீட்டர் (உள்ளே செலுத்தும் குழாய்) பற்றித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். முதலில் எதில் தேற வேண்டும்? சிறுநீரகத்திலும் பித்தக்குழாயிலும் ட்யூப் வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?

பதில்: ஒயரும் கதீட்டரும் டாக்டர் பக்கத்தில் நிற்க நிற்கக் கைக்கு வந்துவிடும். உங்கள் பொறுப்பு அதிகம் இருப்பது கேஸுக்கு முந்தைய நாளிலும், நோயாளி வீடு போன பிறகு வரும் மூன்று மாதத்திலும். நன்றாகப் போட்ட ட்யூப் வீணாவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் இதே வேலையில் இருப்பவர்கள் வயிற்று நீர் எடுப்பது, பிக் லைன் (கை ரத்தக்குழாய் வழியாக இதயத்தருகே போகும் நீண்ட குழாய்) போடுவது வரை தாங்களே செய்கிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே அல்ட்ராசவுண்ட் ப்ரோபைக் கையில் எடுக்காதீர்கள். அந்தக் கருவி 1994-ஆம் ஆண்டின் பிசிபிஎன்டிடி (கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும்) சட்டத்துக்குள் வருகிறது. தகுதியும் பதிவும் உள்ள மருத்துவர்தான் இயக்கலாம். சிகிச்சையை விளக்கி ஒப்புதல் வாங்குவதும் மருத்துவர் வேலை. அது முடிந்ததா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

முந்தைய நாள் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கும்போது, செய்யப்போவது ரத்தக்கசிவு அபாயம் கூடியதா குறைந்ததா என்று பிரித்துக்கொள்ளுங்கள். புதிதாக நெஃப்ராஸ்டமி (முதுகு வழியே சிறுநீரகத்தில் ட்யூப்), பிடிபிடி (தோல் வழியே பித்தக்குழாயில் ட்யூப்), கல்லீரல் அல்லது சிறுநீரக பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுப்பது) எல்லாம் கூடிய வகை: பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) 50,000-க்கு மேல், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) 1.8-க்குள் இருக்க வேண்டும். பழைய ட்யூபை மாற்றுவது, வயிற்று நீர் எடுப்பது, டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்த ரத்தக்குழாய்) வேலை குறைந்த வகை. அங்கே பிளேட்லெட் 20,000-க்கு மேல் இருந்தாலே போதும். கூடிய வகைக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாத்திரைகள் இரண்டையும் வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்துவார்கள். இதய ஸ்டென்ட் வைத்தவர் என்றால் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் நிற்கக் கூடாது. "ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். மாத்திரை அட்டையையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

மஞ்சள் காமாலையில் ஐஎன்ஆர் ஏறியிருப்பது பல நேரம் வைட்டமின் கே குடலில் உறிஞ்சப்படாததால்தான். ஊசி போட்டாலும் வேலை செய்யப் பல மணி நேரமாகும். கேஸ் அன்று காலையில் ரிப்போர்ட்டைப் பார்த்தால் அந்த நேரம் கிடைக்காது. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவரை அப்படியே திருப்பி அனுப்ப நேரிடும்.

மேசையில் ஒரு கணக்கு கட்டாயம். மரத்துப்போகப் போடும் 2% லிக்னோகெய்ன் ஊசியில் ஒரு மில்லிக்கு 20 மி.கி. மருந்து இருக்கிறது. அட்ரினலின் சேராதபோது உச்ச அளவு கிலோவுக்கு 4.5 மி.கி. ஆக, 45 கிலோ எடையுள்ளவருக்கு 10 மில்லிதான். இரண்டு பக்கமும் நெஃப்ராஸ்டமி போடும்போது இது சுலபமாகத் தாண்டிப் போகும். போட்ட அளவை உரக்கச் சொல்லுங்கள். கேஜ் எண் கூடக்கூட ஊசி மெல்லியது: 21 கேஜ் ஊசியில் 0.018 அங்குல ஒயர்தான் போகும், 0.035 அங்குல ஒயருக்கு 18 கேஜ் வேண்டும். கதீட்டரின் பிரெஞ்சு (குழாய்த் தடிமனின் அலகு) அளவு வெளிவிட்டம், அது நுழையும் உறையான ஷீத்தின் அளவு உள்விட்டம். லெட் (ஈய) ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் டிஎல்டி பேட்ஜ் (உடலில் படும் கதிர்வீச்சை அளப்பது) இருக்கட்டும். வேலையில்லாத நேரம் ஓரடி பின்னால் தள்ளி நில்லுங்கள்.

இனி வீட்டுக்குப் போகும் ட்யூப். அனுப்பும் முன் தோலுக்கு வெளியே எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்று அளந்து டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுங்கள்; நழுவியதா என்று போனிலேயே தெரிந்துகொள்ளலாம். ட்யூபில் இருக்கும் மூன்றுவழித் திருகை நன்றாகப் பாருங்கள். சில கம்பெனித் திருகில் கைப்பிடி மூடிய பக்கத்தைக் காட்டும், சிலவற்றில் திறந்த பக்கத்தை. அந்த நோயாளியின் திருகு திறந்திருக்கும் நிலையை அவர் வீட்டார் போனிலேயே படம் எடுத்துக் கொடுங்கள். "பையில ஒண்ணுமே வரல" என்று இரவில் போன் வந்தால் முதலில் ட்யூப் மடங்கியிருக்கிறதா, அடுத்து திருகு மூடியிருக்கிறதா. பிறகுதான், பழக்கிவிட்டவர்கள் மட்டும், புதிதாகத் திறந்த ஸ்டெரைல் சலைனில் 5 மில்லியை மெதுவாகச் செலுத்தலாம். தடுத்தால் அழுத்தக் கூடாது. பித்த ட்யூபில் சிரிஞ்சால் பின்னோக்கி இழுக்கவே கூடாது. குடல் கிருமி மேலே ஏறும்.

பையைப் பாதி நிறைந்ததும் காலி செய்யச் சொல்லுங்கள். நிறைந்த பையின் கனமே தையலை இழுத்துவிடும். உங்கள் கடற்கரை வெயிலில் வியர்த்து டிரெஸ்ஸிங் நனைவது தினப்படி நடப்பது. வாரம் இருமுறை என்று எழுதிக் கொடுத்தாலும், நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும். பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்களிடம், ட்யூப் இருக்கும்வரை இறங்கவே கூடாது என்று நேராகச் சொல்லுங்கள். "தண்ணி படாம பாத்துக்கோங்க" என்றால் குளியலைத்தான் நினைப்பார்கள்.

பித்தம் முழுக்க வெளியே வடிகிறவர் தினமும் அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டரை நெருங்கினால் உப்பும் நீரும் சேர்ந்து போகிறது, சிறுநீரகம் பாதிக்கும். வெறும் தண்ணீர் ஈடாகாது, ஓஆர்எஸ் வேண்டும், உங்களுக்கும் அன்றே தகவல் வேண்டும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மதுரை வரும்வரை காத்திருக்கக் கூடாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்துவிட்டுப் புறப்படட்டும். பித்த ட்யூபை மூடி வைத்திருந்தால் மூடியைக் கழற்றிப் பையோடு இணைப்பது முதல் வேலை. நெஃப்ராஸ்டமி போட்ட ஓரிரு நாள் இளஞ்சிவப்பாக வருவது சகஜம். அதற்குப் பிறகும் சிவந்த ரத்தமோ கட்டியோ வந்தால் ரத்தக்குழாய் காயம்பட்டிருக்கலாம், உடனே வர வேண்டும். ட்யூப் உருவி விழுந்தால் துளைக்கு மேல் சுத்தமான துணி வைத்து, விழுந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு அன்றே வரச் சொல்லுங்கள். பாதை சீக்கிரம் மூடிக்கொள்ளும்; மூடினால் மறுபடி ஊசி குத்துவதிலிருந்து தொடங்க வேண்டும்.

நெஃப்ராஸ்டமியை மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். தள்ளிப்போனால் உப்புப் படிந்து, உள்ளே சுருண்டிருக்கும் முனை நிமிராது, இழுத்தால் வராது. விசைப்படகு ஆட்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் வீட்டில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் படகு கடலுக்குப் போகும் நாளைக் கேட்டுத் தேதி கொடுங்கள். ஒரு வாரம் முன்பு நீங்களே போன் செய்யுங்கள், வீட்டுப் பெண்கள் எண்ணுக்கும் சேர்த்து.