5 நாள் கிளிமஞ்சாரோ பேக்கேஜ் வேண்டாம்

கிளிமஞ்சாரோ மலை ஏற மராங்கு வழியில் 5 நாள் பேக்கேஜ் மலிவாகக் கிடைக்கிறது, மச்சாமே என்ற இன்னொரு வழியில் 7 நாள் ஏறக் கூடுதலாகச் செலவழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செலவழியுங்கள்.

மராங்குவில் முதல் இரவு சுமார் 2,700 மீட்டர், அடுத்தது 3,720, மூன்றாவது கிபோ குடிலில் 4,720. அன்று நள்ளிரவே 5,895 மீட்டர் உச்சிக்குக் கிளப்பிவிடுவார்கள். அந்த உயரத்துக்கு உடம்பு பழக நேரமே இருக்காது. மச்சாமேயில் லாவா டவர் வரை, சுமார் 4,600 மீட்டர் ஏறிவிட்டு, பாரங்கோ முகாமுக்கு இறங்கி வந்து தூங்குவீர்கள். உடம்பு உயரத்துக்குப் பழக, உயரே ஏறிவிட்டுத் தாழ்வான இடத்தில் தூங்கும் அந்த இறக்கம்தான் பெரிய உதவி.

அப்புறம், சுமைதூக்கிகளுக்கு என்ன கூலி தருகிறார்கள் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். அடிமாட்டு விலைக்கு விற்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சுமைதூக்கிகள் வயிற்றில்தான் அடிக்கிறார்கள்.

மலையில் தலைவலியோடு வாந்தியும் வந்தால், உயரம் ஒத்துக்கொள்ளாததன் அறிகுறியாக இருக்கலாம்; வழிகாட்டியிடம் மறைக்காதீர்கள். அவர் இறங்கச் சொன்னால் உடனே இறங்கிவிடுங்கள்.